கோமதிக்கு எடுத்த அளவு

1. தராசு

செம்பா முதல் தடவை தராசில் ஏறியபோது நடுவில் நிற்கவில்லை. எங்களிடம் இருந்தது மண்டிகளில் மூட்டை நிறுக்கிற பலகைத் தராசு. இரண்டு பேர் தாராளமாக நிற்கலாம். அவள் ஏறி, வலது ஓரமாக நகர்ந்து, இடது பக்கம் ஓர் ஆளுக்கு இடம் விட்டு நின்றாள்.

"நடுவுல நில்லும்மா. ஓரமா நின்னா முள்ளு சரியா காட்டாது" என்றேன்.

"அக்காவுக்கு எடம் வேணும்லா, டீச்சர்."

நான் அவளுக்குப் பின்னால் பார்த்தேன். அவளுடைய அம்மா மீனாட்சியக்கா மட்டும்தான் நின்றார். வேறு பெண்பிள்ளை யாரும் இல்லை.

"அவ அப்படித்தான் நிப்பா. நீங்க நிறுங்க டீச்சர்" என்றார் மீனாட்சியக்கா, சாதாரணமாக.

பிள்ளையின் தோளைப் பிடித்து நடுவில் நிற்க வைத்து எடை பார்த்தேன். எடையைப் பிள்ளை காதில் விழச் சொல்லக்கூடாது என்பது எங்கள் விதி. அதனால் மீனாட்சியக்காவை அடுத்த அறைக்குக் கூப்பிட்டேன். மற்ற அம்மாக்கள் எல்லோரும் அந்த அறைக்குள் வந்ததும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "கொறைஞ்சிருக்கா?" மீனாட்சியக்கா கேட்டது வேறு.

"கூடியிருக்கா டீச்சர்?"

பள்ளிக்கூடத்தில் போன மாதம் நிறுத்ததைவிடக் கூடியிருக்கிறது என்றேன். அவர் நெஞ்சில் கை வைத்து, "அப்பாடா" என்றார்.

அவர் என்னைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று நினைத்து, எங்கள் திட்டம் உடம்பு கூடின பிள்ளைகளின் எடையைக் கட்டுக்குள் வைப்பதற்கு என்று மறுபடி விளக்கினேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஒரு சனிக்கிழமை விடாமல் வந்தார். ஒவ்வொரு தடவையும் அதே அறையில், அதே கேள்வி.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள், பயிற்சியில் சொல்லித் தராத எதையாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் எழுத உட்கார்ந்ததும் முதலில் நினைவுக்கு வந்தது இந்த வீடுதான்.

2. திட்டம்

நான் மனையியல் படித்து, உணவியலில் ஒரு வருடப் பயிற்சியும் முடித்துவிட்டு, எண்பதுகளின் தொடக்கத்தில் தென்காசிக்கு வேலைக்கு வந்தேன். ஒரு தொண்டு நிறுவனத்தின் மருத்துவமனை. அம்மாக்களுக்கு வகுப்பு எடுத்ததால் எல்லோருக்கும் நான் டீச்சர். எங்கள் வேலையெல்லாம் மெலிந்த பிள்ளைகளோடுதான்: சத்துமாவு, வளர்ச்சி அட்டை, வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீர். உடம்பு கூடின பிள்ளைகளுக்கும் ஒரு திட்டம் வேண்டும் என்று ஆரம்பித்தவர் எங்கள் டாக்டரம்மா. அலுவலக மேலாளர் ஒப்பவில்லை.

"டாக்டரம்மா, ராயகிரி பக்கம் பிள்ளைக எலும்பும் தோலுமா கெடக்கு. நீங்க கொழுகொழுன்னு இருக்கதுகளுக்கு ஒரு திட்டம் போடச் சொல்லுதீய. மேல எழுதுனா சிரிப்பானுவ."

"சிரிக்கட்டும் சார். பத்து வயசுப் பிள்ளை முட்டுவலின்னு எங்கிட்ட வருது. அதையும் பாத்துட்டுச் சிரிக்கட்டும்."

அப்படித்தான் தொடங்கியது. தென்காசியில் தேர் வீதிகளுக்குப் பின்னால் இருந்த கடைக்காரர் தெருக்களிலிருந்து சில குடும்பங்களைச் சேர்த்தோம். பலசரக்குக் கடை, துணிக்கடை, லாரி புக்கிங் ஆபீஸ், புளியறை ரோட்டில் சாப்பாட்டுக் கடை. டாக்டரம்மாவும் நானும் சேர்ந்து எழுதிய விதிகள் இவை:

– பிள்ளையை மட்டும் சேர்ப்பதில்லை. வீட்டைச் சேர்க்க வேண்டும்.
– பிள்ளைக்குத் தனிச் சமையல் கிடையாது. மாற்றுவதானால் எல்லோர் தட்டிலும் மாற்ற வேண்டும்.
– 'குண்டு' என்ற சொல் கூட்டத்தில் வரக்கூடாது.
– சனிக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூட அறையில் கூட்டம். ஞாயிறு காலை குடும்பத்தோடு குற்றாலத்தில் நடை.
– வளர்கிற பிள்ளைக்கு எடை இறங்க வேண்டியதில்லை. ஏறாமல் நின்றால் போதும். உயரம் அதை ஈடுகட்டும்.

செம்பாவின் முழுப்பெயர் செண்பகம். பத்து வயது. அப்பா பலசரக்குக் கடை வைத்திருந்தார். முழங்கால் வலி என்றுதான் வந்தாள். டாக்டரம்மா அவளைப் படுக்க வைத்துக் காலை மடக்கித் திருப்பிப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தோம். பிறகு என்னிடம் தனியாகச் சொன்னார்:

"வலி முட்டியில இருக்குன்னு சொல்லுவா. கோளாறு இடுப்புல. தொடை எலும்போட தலை அதுக்குரிய இடத்துல சரியா உக்காந்திருக்கான்னு பாத்தேன். இன்னும் நழுவலை. எடை இப்படியே ஏறிச்சுன்னா நழுவிரும். நழுவுனா பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆணி அடிக்கணும். அதுக்கப்புறமும் ஒரு கால் கட்டையாகலாம். இந்தப் பிள்ளையை விட்டுராதே."

நான் விடவில்லை. எடையும் ஏறுவதை விடவில்லை.

3. ஐந்தருவிப் பாதை

அது மாசி மாதம். சீசன் இல்லாத குற்றாலத்தை வெளியூர்க்காரர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். அருவி விழும் இடத்தில் பாறை மட்டும் கறுப்பாக நிற்கும். கடைகளில் பாதி பூட்டிக் கிடக்கும். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் வேறு வேலைக்குப் போயிருப்பார்கள். இரைச்சலோடு பழகிய ஊரில் இரைச்சல் இல்லாதபோது காது எதையோ தேடிக்கொண்டே இருக்கும். யாரோ பேசிவிட்டு நிறுத்தியது போல இருக்கும்.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் நடப்போம். பிள்ளைகளை ஜோடி ஜோடியாகக் கைகோத்து விடுவேன். செம்பா யாரோடும் சேரமாட்டாள்.

"எனக்கு ஜோடி இருக்கு டீச்சர்."

இடது கையைச் சற்றே விலக்கி, விரல்களை மடக்கி நடப்பாள். கொஞ்சம் ஏறினதும் மூச்சு வாங்கும். வலது காலைச் சாய்த்துச் சாய்த்து வைப்பாள். ரோட்டோரப் பாறையில் உட்கார்ந்து, இடது பக்கம் திரும்பி மெதுவாக எதையாவது சொல்வாள். நான் அருகில் போனால் பேச்சை நிறுத்திவிடுவாள். மரத்தில் இருக்கிற குரங்குகள் எந்தப் பிள்ளை கையில் எது இருந்தாலும் பறித்துவிடும். செம்பா அருகில் மட்டும் அவை வந்து நான் பார்த்ததில்லை. அவள் கையில் தின்பண்டம் இருந்தபோதும்தான். இதற்கு ஏதாவது காரணம் இருக்கும். நான் கண்டுபிடிக்கவில்லை.

செம்பாவின் எதிர்வீட்டு பாக்கியத்தக்கா திட்டத்தில் இருந்தார். அவர் மகன் எங்கள் பிள்ளைகளில் ஒருவன். நடைக்கு மூத்த மகள் ராணியையும் கூட்டி வருவார். ராணிக்குப் பதிமூன்று வயது. நல்ல உயரம், அகலமான தோள். செம்பா நடை முழுவதும் ராணியையே பார்த்துக்கொண்டு வருவாள். நின்றால் அவள் முதுகோடு முதுகு ஒட்டி நின்று பார்ப்பாள்.

"ஏட்டி செம்பா, எம் மவளை என்னத்துக்கு அப்படி முழுங்குத மாதிரி பாக்கே? திருஷ்டி பட்டுரும், வேற பக்கம் பாரு" என்று பாக்கியத்தக்கா கேலி செய்வார். எல்லோரும் சிரிப்போம். செம்பா சிரிக்கமாட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் கேட்டாள்: "டீச்சர், உங்க பையில டேப்பு இருக்கா? ராணியக்கா இடுப்பு எம்புட்டுன்னு அளந்து சொல்லுதீயளா?"

"எதுக்கு உனக்கு?"

"நான் வெரசா அம்புட்டு ஆகணும். உடுப்பு தொளதொளன்னு கெடக்கு. அம்மா அழுதா."

4. ஹோம் விசிட்

எங்கள் தொழிலில் 'ரீகால்' என்று ஒன்று உண்டு. நேற்று காலையிலிருந்து இன்று காலை வரை பிள்ளை சாப்பிட்டது, குடித்தது எல்லாவற்றையும் அம்மாவிடம் கேட்டு எழுதி, கலோரி போட்டுப் பார்ப்பது. மீனாட்சியக்கா ஒவ்வொரு வாரமும் தயங்காமல் சொல்வார். இட்லி, சோறு, சொதி, அவியல், சாயங்காலம் பால். கூட்டிப் பார்த்தால் அந்த வயதுப் பிள்ளைக்கு அளவான சாப்பாடு. அதைச் சாப்பிட்டு அந்த எடை ஏற முடியாது. பொய் சொல்கிறவர்கள் எப்படிச் சொல்வார்கள் என்று எனக்கு அதற்குள் தெரியும். முதலில் குறைத்துச் சொல்வார்கள், பிறகு திருத்துவார்கள். இவர் திருத்தியதே இல்லை.

மதியச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து வீட்டுக்குப் போனேன். செம்பா கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் இரண்டு எவர்சில்வர் தட்டு. ஒன்றில் செண்பகம் என்று பெயர் வெட்டியிருந்தது. இன்னொன்றில் கோமதி.

செம்பா தன் தட்டைச் சாப்பிட்டு முடித்தாள். கையைத் தட்டின் ஓரத்தில் வழித்துவிட்டு, எழுந்திருக்காமலேயே இடது பக்கம் நகர்ந்து, கோமதியின் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தாள். மீனாட்சியக்கா அந்தத் தட்டில் உளுந்தங்களி வைத்து, நடுவில் குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றினார். அதுவரை செம்பாவை "ஏட்டி, சிந்தாம தின்னு" என்று அதட்டிக்கொண்டிருந்தவரின் குரல் மாறியது.

"கோமதி, இன்னும் ஒரு வாயி. என் தங்கம்லா."

செம்பா அந்தக் குரலுக்கு வாயைத் திறந்தாள். களியை விழுங்கும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. அழவில்லை, இடமில்லாத வயிற்றில் திணிக்கும்போது வருகிற தண்ணீர்.

நான் குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டேன். "அக்கா, இந்தக் களியை எங்கிட்டச் சொல்லவே இல்லையே?"

"நீங்க செம்பா சாப்பிட்டதத்தான கேட்டீய? இது கோமதி சாப்பிடுதது."

பொய் இல்லை. ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"கோமதிக்குக் களி எதுக்கு அக்கா?"

"அவளுக்குப் பதிமூணு ஆகுதுல்லா. வயசுக்கு வாற பருவம். இப்பம் குடுத்தாத்தான் இடுப்புக்குப் பெலம்."

செம்பா வலது காலை நீட்டி முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மீனாட்சியக்கா என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போனார். உத்தரத்திலிருந்து ஒரு பனையோலைப் பெட்டி தொங்கியது. எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். கல்யாணம் ஆகாமல் இறந்துபோன பெண்பிள்ளையை வீட்டுக் கன்னியாகக் கும்பிடுவார்கள். பெட்டியில் அவளுக்குப் பாவாடை, சட்டை, வளையல், கண்ணாடி. வருடத்துக்கு ஒரு தடவை பெட்டியை இறக்கிப் புதுத்துணி வைத்து, பழைய துணியை வீட்டிலுள்ள பெண்பிள்ளைக்குப் போட்டுவிடுவார்கள். பிள்ளைக்கு அது காப்பு. பல வீடுகளில் உண்டு. யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை.

கோமதி செம்பாவின் அக்கா. ஆறு வயதில் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கண்டு போய்விட்டாள். "கடைசியில பாவாட இடுப்புல நிக்கல டீச்சர். நாடாவ எம்புட்டு இறுக்கிக் கட்டுனாலும் நழுவி நழுவி விழுந்துச்சு" என்றார் மீனாட்சியக்கா.

மற்ற வீடுகளில் கன்னிக்கு எப்போதும் சின்ன உடுப்புதான் தைப்பார்கள். இவர் வருடத்துக்கு வருடம் பெரிதாகத் தைத்தார். உயிரோடு இருந்தால் கோமதி எந்த அளவு இருப்பாளோ அந்த அளவு. அதை எப்படிக் கண்டுபிடிப்பது? எதிர்வீட்டு ராணி கோமதியோடு ஒன்றாம் வகுப்பில் ஒன்றாக உட்கார்ந்தவள். மாதிரி பார்க்க என்று ராணியின் பாவாடையை இரவல் வாங்கித் தையல்காரரிடம் கொடுத்துவிடுவார். பங்குனியில் பெட்டி திறந்து, போன வருட உடுப்பைச் செம்பாவுக்குப் போட்டுப் பார்ப்பார். நிறைவாக இருந்தால் கோமதி நன்றாக இருக்கிறாள். தொளதொளத்தால்?

"மெலியுதான்னு அர்த்தம். போன பங்குனியில தோள்லயே நிக்கல டீச்சர். மறுபடியும் மெலியுதா."

அவர் பெட்டியைப் பார்த்துச் சொன்னார். காற்று இல்லாத அறை. பெட்டி லேசாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் உள்ளே வந்தபோது தோள் பட்டிருக்கலாம்.

கூடத்துக்கு வந்தபோது செம்பாவின் அப்பா கடையிலிருந்து சாப்பிட வந்திருந்தார். தெருவே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். வாசல் வரை என்னோடு வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டீச்சர், நான் ஒரு தடவ சொல்லிப் பாத்தேன். 'அப்பம் எம் பிள்ளைய ரெண்டாந்தடவையும் பட்டினி போடச் சொல்லுதீயளா'ன்னு கேட்டா. அதுக்குப் பெறவு நான் வாயத் தெறக்கல. உங்களால ஏதாவது முடியுமான்னு பாருங்க."

என் பையில் செம்பாவுக்கு எழுதிய டயட் சார்ட் இருந்தது. வெளியே எடுக்கவில்லை. மருத்துவமனைக்கு வந்து டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் கை கழுவிக்கொண்டே கேட்டார். துடைத்துக்கொண்டு சொன்னார்: "அப்போ நீ சார்ட் எழுத வேண்டிய பிள்ளை செம்பா இல்லை."

5. பாக்கியத்தக்காவின் சண்டை

பங்குனி நெருங்கியது. சனிக்கிழமைக் கூட்டத்தில் எண்ணெய் குறைத்துப் பண்டம் செய்வதைக் காட்டிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் மீனாட்சியக்கா பாக்கியத்தக்காவிடம் மெதுவாக, "ராணி பாவாட ஒண்ணு குடு பாக்கியம், மாதிரிக்கு" என்றார்.

"வருசா வருசம் வாங்குதியே, அப்படி யாருக்குத்தான் தைக்கே? செம்பாவுக்கு இந்த நீளம் எதுக்கு?"

செம்பா திரும்பிச் சொன்னாள்: "கோமதியக்காவுக்கு. பெட்டியில வைக்க."

பாக்கியத்தக்கா எழுந்து நின்றார். மடியிலிருந்த தட்டு கீழே விழுந்து உருண்டது.

"ஏ மீனாட்சி! எம் மவ உசுரோட இருக்காட்டி! அவ அளவ எடுத்து செத்த பிள்ளைக்குப் போட்டியா? இத்தன வருசமா? உனக்குக் கொஞ்சமாவது நெஞ்சுல ஈரம் இருக்கா?"

மீனாட்சியக்கா குரலை உயர்த்தவில்லை. "செத்த பிள்ளன்னு சொல்லாத பாக்கியம். அவ கேட்டுக்கிட்டு இங்கனதான் நிக்கா."

அறையில் இருந்த எல்லோரும் செம்பாவுக்கு இடது பக்கம் பார்த்தோம். நானும் பார்த்தேன். அங்கே உட்கார்ந்திருந்த துணிக்கடைக்காரர் மகன் எழுந்து அவன் அம்மா மடிக்குப் போய்விட்டான்.

"இனி எங்க வீட்டு நூல்கூட உனக்குக் கெடையாது" என்று சொல்லிவிட்டு பாக்கியத்தக்கா ராணியை இழுத்துக்கொண்டு வெளியேறினார். அந்தக் குடும்பம் இனி வராது என்று நினைத்துக்கொண்டேன். அன்று ராத்திரியே மருத்துவமனை வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், கோபத்துல கத்திட்டேன். கோமதி போகையில எம் மடியிலதான் தல இருந்துச்சு. மீனாட்சி தண்ணி எடுக்கப் போயிருந்தா. அவளுக்கு அந்த ஒரு முழுங்குத் தண்ணி குடுக்க முடியலயேன்னு இன்னும் இருக்கு. ஆனா இந்தப் பிள்ள கால இழுத்து இழுத்து நடக்கத நான் தெனமும் பாக்கேன். நீங்க சொன்னா மீனாட்சி கேக்க மாட்டா. நாங்க யாரு சொன்னாலும் கேக்க மாட்டா. கோமதி சொன்னாக் கேப்பா. பூக் கேட்டுப் பாக்கச் சொல்லுங்க."

பூக் கேட்பது எனக்கு ஒப்பவில்லை. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் வைத்து, ஒரு பிள்ளையை விட்டு எடுக்கச் சொல்வது. சிவப்பு வந்துவிட்டால் அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் ஒன்றும் செய்ய முடியாது. பிள்ளையின் இடுப்பு ஓர் அரளிப் பூவில் தொங்கும். டாக்டரம்மாவிடம் கேட்டேன். "வேற வழி வச்சிருக்கியா?" என்றார். இல்லை.

அண்ணாச்சி மீனாட்சியக்காவிடம் பேசினார். அவர் உடனே ஒத்துக்கொண்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

6. பூ

வெள்ளிக்கிழமை, நடுப்பகல். உள்ளறையில் ஜன்னல் திறந்திருந்தது. இருந்தவர்கள்: மீனாட்சியக்கா, அண்ணாச்சி, செம்பா, வாசற்படியில் பாக்கியத்தக்கா, சுவரோரம் நான்.

அண்ணாச்சி பெட்டியை இறக்கி மணைப்பலகையில் வைத்தார். கேள்வியையும் அவரே சொன்னார்.

"கோமதி, நீ ஆறு வயசுப் பிள்ளையாவே இரு தாயி. உனக்கு அந்த அளவுலயே உடுப்பு தைக்கோம். உன் பங்கை உம் முன்னால வச்சுக் கும்பிடுதோம். தங்கச்சி அவ பங்கை மட்டும் சாப்பிடட்டும். சம்மதம்னா வெள்ளப் பூ குடு. இல்லன்னா செவப்பு."

மீனாட்சியக்கா பூவை ஏற்கெனவே அடுக்களையில் கட்டிக் கையோடு கொண்டுவந்திருந்தார். வாழையிலைத் துண்டில் மடித்து நாரால் கட்டிய இரண்டு பொட்டலம், பித்தளைத் தட்டில். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி. பெட்டிக்கு முன்னால் வைத்துவிட்டு, தட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"எடுட்டி" என்றார்.

செம்பா கையை நீட்டவில்லை. இடது பக்கம் திரும்பி, "எது?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திருப்பது போலத் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தெருவில் ஒரு சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது. பாக்கியத்தக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். பிறகு செம்பா, "சரி" என்றாள். யாருக்குச் சொன்னாள் என்று நான் எழுதப்போவதில்லை. ஒரு பொட்டலத்தை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள்.

மீனாட்சியக்கா நாரை இழுத்தார். வெள்ளை அரளி.

அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. பூவைப் பார்த்தபடியே இருந்தார். திடீரென்று மற்றப் பொட்டலத்தை எடுத்துக் கிழித்தார். செவ்வரளி. அதையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. பெட்டியின் மேல் கை வைத்து, மிகச் சின்னக் குரலில், "சரி தாயி. சரி. சரி" என்றார்.

அது துக்கம் என்று நினைத்தேன்.

7. பிறகு நடந்தது

மீனாட்சியக்காவைப் போல ஒரு வீட்டை மாற்றியவர்களை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. ஒரே நாளில் கோமதியின் தட்டு பெட்டிக்கு முன்னால் போனது. ஒரு கரண்டி சோறு வைத்து, கும்பிட்டு, காக்கைக்குப் போட்டுவிடுவார். அண்ணாச்சி கடையிலிருந்து சாயங்காலப் பண்டம் கொண்டுவருவதை நிறுத்தினார். வீட்டில் எல்லோரும் ஒரே சாப்பாடு. பாக்கியத்தக்கா தினமும் இந்தப் பிள்ளையையும் தன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நடந்தார். செம்பாவின் எடை நின்றது. உயரம் கூடிக்கொண்டே வந்தது. அடுத்த எக்ஸ்ரேயை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டரம்மா, "எலும்பு இருக்க வேண்டிய இடத்துல இருக்கு" என்றார். நொண்டல் போய்விட்டது.

எல்லா வீடும் இப்படி ஆகவில்லை. லாரி புக்கிங் குடும்பம் இரண்டாவது மாதமே வரவில்லை. சாப்பாட்டுக் கடைக்காரர், "எங்க தொழிலே எண்ணெயிலதான் டீச்சர் ஓடுது" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார். அது வேறு கதை.

மறு வருடம் நடையின்போது மீனாட்சியக்கா என் பக்கத்தில் வந்தார். பிள்ளைகள் வெகுதூரம் முன்னால் போய்விட்டார்கள்.

"டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு ரெண்டு பொட்டலத்துலயும் நான் செவப்புத்தான் கட்டுனேன்."

நான் நின்றுவிட்டேன்.

"உங்க எல்லாரையும் ஒரு வழியா வாயடைக்கணும்னு நெனச்சேன். வெள்ளப் பூவும் பறிச்சுட்டுத்தான் வந்தேன். அடுப்புல போட்டுட்டேன். பொசுங்குதவரைக்கும் நின்னு பாத்தேன். என் களவ எம் பிள்ள கண்டுபிடிச்சு மாத்திட்டா. அதுக்குப் பெறவு நான் எப்படி டீச்சர் மீறுவேன்?"

எனக்குப் பழக்கம் எப்போதும் ஒன்றுதான். மனதுக்குள் எண் போட்டு வரிசைப்படுத்தினேன். ஒன்று, அண்ணாச்சி: தட்டைப் பெட்டிக்கு முன்னால் வைத்தபோது மிக அருகில் இருந்தவர் அவர். இரண்டு, பாக்கியத்தக்கா: யோசனையே அவருடையது, வீட்டின் பின்பக்கம் அவருக்குத் தெரியும். மூன்று, செம்பா: அவளுக்குத்தான் வயிறு வலித்தது. நான்கு, மீனாட்சியக்காவுக்கே பதற்றத்தில் பூ மாறியிருக்கலாம்.

என் முகத்தைப் பார்த்து அவர் சிரித்தார்.

"நீங்க என்ன யோசிக்கியன்னு தெரியும். நானும் யோசிச்சுப் பாத்தாச்சு. கட்டுனதுலேருந்து அந்தத் தட்டு என் கைய விட்டு எறங்கல. வச்ச பெறவும் களவு செஞ்சவளுக்குப் பயம் இருக்கும்லா? எல்லார் கையையும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். உங்க கையையும்தான்."

அவர் முன்னால் நடந்தார். அன்றைக்கும் அருவியில் தண்ணீர் இல்லை. நான் வரிசையில் ஐந்து என்று போட்டு, அதற்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டேன். இன்றுவரை அப்படித்தான் இருக்கிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். பிள்ளை என்ன சாப்பிட்டாள் என்று கேட்பதற்கு முன், இந்த வீட்டில் யார் யாருக்குச் சோறு போடுகிறீர்கள் என்று கேளுங்கள். தராசில் ஏற முடியாத ஒருவரின் பெயரை அவர்கள் சொன்னால் சிரிக்காதீர்கள், அந்தப் பெயரை அடித்துவிடாதீர்கள். அவருக்கு எவ்வளவு போடுகிறார்கள், அது யார் வயிற்றுக்குப் போகிறது என்று மட்டும் கேளுங்கள். அவரிடமும் சம்மதம் வாங்காமல் அந்த வீட்டில் ஒரு கரண்டி எண்ணெயைக்கூட உங்களால் குறைக்க முடியாது.